வளைந்த ஊக்கு

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் காலைப் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கையில ஒரு ஊக்கு இருந்திருந்தா அந்தப் புள்ளைக்கு இப்படி ஆயிருக்குமா?"

"யாரச் சொல்றீக, மதினி?" என்றார் இளையவர்.

"பஸ்ஸ விட்டு எறங்கி வாய்க்கா ரோட்டுல வந்தவளத்தான். எவனோ வாயப் பொத்தி இழுத்தானாமே. கூட்டத்துல உரசுற பயலுக எத்தன பேர இந்த ஊக்கால குத்தி வெரட்டியிருக்கேன்! அவ வெறுங்கையோட வந்தது தப்புத்தான?"

"இழுத்தவன யாரும் ஒண்ணும் கேக்கல. எல்லாரும் அவளத்தான் கேக்குறோம்."

"அந்த வழியா ஏன் தனியா வரணும்? எம்மக வர மாட்டா. ஊக்கு இல்லாம வாசப்படியே தாண்ட மாட்டா. அம்புட்டு சொல்லி வளத்திருக்கேன்."

இளையவரின் குரல் தாழ்ந்தது.

"ஆஸ்பத்திரியில தொணைக்கு நாந்தான் இருந்தேன், மதினி. ஒரு கைய மூடுனது மூடுனபடியே வச்சிருந்தா. நர்சம்மாதான் மெதுவா வெரலப் பிரிச்சாக. உள்ள ஊக்கு இருந்துச்சு. வளஞ்சு போயி, ரத்தத்தோட."

ஊக்கைத் தடவிய கை நின்றுவிட்டது.

"அவ மேல தப்பு இல்லன்னா, எம்மகளுக்கும் நடக்கும்ல?"

மூத்தவர் மகளுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். ஆரப்பாளையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும், போனைக் காதில் வைத்தபடி அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.