சிவப்புத் துணி சுற்றிய டெலஸ்கோப்

— மொட்டை மாடி வரைக்கும் ஏத்தி இதைக் காட்டவா கூட்டியாந்தீங்க, பாய்? எல்லாம் தலைகீழா தெரியுதே! மலைக்கோட்டை தொங்குது!

— அது நட்சத்திரம் பார்க்குற டெலஸ்கோப், அண்ணே. நட்சத்திரத்துக்குத் தலை எது, கால் எது? விலை கம்மியா கேட்டீங்க, எடுத்தாந்தேன்.

— பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருபது வருஷமா இரும்பு உருக்குறவன் இந்த தர்மராஜ். என்கிட்டயே கதையா? அந்தப் பெரிய குழாய் எப்படி?

— அறுபது மடங்கு காட்டும். கை துளி ஆடுனா ஊரே ஆடும். ஸ்டாண்டு வேணும், அது தனிக் காசு. இந்தாங்க, சிவப்புத் துணி சுத்துன பித்தளைக் குழாய். இருபது மடங்குதான், ஆனா நேரா தெரியும். கைப்பிடிச் சுவர்ல வெச்சாப் போதும்.

— கண்ணாடியில பூஞ்சை இருக்கே.

— ஓரத்துல. நடுவுல இருந்தா இந்த இஸ்மாயில் விக்க மாட்டான். இதோட ஜோடி போன வாரந்தான் போச்சு.

— நல்லதை யாருக்கோ கொடுத்துட்டு, சொத்தையை என் தலையில கட்டுறீங்களா?

— அல்லா மேல ஆணையா ரெண்டும் ஒண்ணுதான்! அது கெடக்கட்டும், உங்களுக்கு எதுக்கு இது? போன வருஷம் சீனாக்காரன் சண்டைக்கு வந்ததுல இருந்து, கேக்காம யாருக்கும் கொடுக்குறதில்ல.

— கொக்கு பார்க்கத்தான். காவேரி மணல்ல இறங்குமே.

— பாருங்க, பாருங்க... என்னண்ணே, கொக்கு மணல்ல நிக்குது, உங்க குழாய் அக்கரைக்குப் போகுது?

— சும்மா... தெளிவா தெரியுதான்னு பார்க்குறேன்.

— அம்மா மண்டபம் படித்துறையிலயா? பொம்பளைங்க குளிக்கிற இடம்யா அது! நானும் நாலு பொண்ணு பெத்தவன். கொடுங்க இங்க!

— கையை எடுங்க பாய்! அங்க என் பொண்ணு இருக்கா!

— பொண்ணா? பஸ் ஏறுனா பத்து நிமிஷம். நேர்ல போய்ப் பார்க்க வேண்டியதுதானே?

— சொல்லாமக் கொள்ளாம வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டா. அவ செத்தான்னு சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால இதே காவேரியில தலைமுழுகிட்டேன். எந்த மூஞ்சியோட அக்கரைக்குப் போவேன்? மூணு மாசமா ஞாயித்துக்கிழமையானா இந்தக் கரையில ஓடத்துறை அரசமரத்தடியில போய் நிக்குறேன். துணி துவைக்க வருவா, இன்னிக்கும் வந்திருப்பா. எறும்பு மாதிரித்தான் தெரியுறா. மாசமா இருக்காளாம். மூஞ்சி தெளிவா இருக்கா, வாடிக் கெடக்கான்னு ஒரு தடவை பார்க்கணும் பாய். வேற ஒண்ணும் வேணாம்.

— பார்க்க மாட்டேன்னும் சொல்லியிருப்பீங்களே?

— வாசப்படி மிதிக்க மாட்டேன், பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பார்க்க மாட்டேன்னு சொல்லல.

— நல்ல ஆளுய்யா நீங்க! சரி, உள்குழாயை மெதுவா இழுங்க.

— தெரியுது... தெரியுது பாய்! கடைசிப் படியில உக்காந்திருக்கா. வயிறு பெருசாயிடுச்சு. ஐயோ, எளச்சுப் போயிட்டாளே கழுதை! இருங்க... என்னமோ எடுத்துக் கண்ணுல வைக்குறா. பளபளன்னு. நடுவுல சிவப்பா...

— சிவப்பா? துணி சுத்துனாப்பலயா?

— ஆமா. ஏன்?

— யா அல்லா! போன வாரம் வந்த புள்ளத்தாச்சிப் பொண்ணு! அதையும் சந்தேகப்பட்டு எதுக்குன்னு கேட்டேன். ‘ஞாயித்துக்கிழமை தவறாம எதிர்க்கரை அரசமரத்தடியில ஒருத்தர் நிக்குறாரு. எங்கப்பாதானான்னு பார்க்கணும் பாய்’னுச்சு.

— பாய்... அவ அந்த மரத்தடியையே பார்த்துக்கிட்டிருக்கா. இன்னிக்கு அங்க யாருமில்லையே!