தொட்ட காய்

எங்கள் செஸ் கிளப்பில் மின்விசிறி உண்டு, கைவைத்த நாற்காலிகள் உண்டு, தண்ணீர்க் குழாய் மட்டும் கிடையாது. பதினெட்டு வருடமாக யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. நானும் போன சனிக்கிழமைதான் நினைத்தேன். கை கழுவுவதற்காக மாடியிலிருந்து கீழே அச்சகத்துக்கு இறங்கி வந்தேன். அங்கே இருந்தவர்கள் பயந்துபோய் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை சார். எப்படியும் நானே வந்து சொல்லியிருப்பேன்.

என் தொழிலைக் கேட்டீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. எதிரே இருப்பவரின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியவன். கிளப்பில் என்னை யாரும் ஜெயிக்க முடியாததற்கு அதுதான் காரணம். ஒருவன் வஞ்சகமாக ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்தால் அவன் கண்ணே அதைச் சொல்லிவிடும். கிளப்பின் செயலாளரும் நான்தான். ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் கறாராக இருப்பேன்: தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் வங்கி குமாஸ்தா ஒருவர் ராணியைத் தொட்டுவிட்டு, "சும்மா தொட்டேங்க" என்று இளித்தார். அவர் கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன். இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு கிளப்பில் அந்தப் பேச்சே எழவில்லை. அவர் வருவதையும் நிறுத்திவிட்டார். அது அவர் இஷ்டம்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். நகக்கண்ணில் எந்நேரமும் பெயின்ட் இருக்கும். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் மூன்று மணிக்கு என் எதிரே உட்கார்ந்து தோற்பார். தோற்றுவிட்டு, "மச்சான், இன்னிக்கும் என்னைத் தோலை உரிச்சுட்டீங்களே" என்று வாய் நிறையச் சிரிப்பார். நல்ல மனுஷன். யார் கேட்டாலும் சொல்வேன்.

போனில் ஆடத் தொடங்கினேனே, அதுதான் என் கெட்ட நேரம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று நாள் அவகாசம் தருகிற ஆட்டம். அங்கே 'கறுப்புக் குதிரை' என்ற பெயரில் ஒன்று வந்து மாட்டியது. அதனிடம் நாற்பது ஆட்டம் வரிசையாகத் தோற்றேன். அதற்கு முகம் கிடையாது, இருமல் கிடையாது, நாற்காலியில் நெளிகிற சத்தம் கிடையாது. ஜெயித்ததும் 'நன்றி' என்று ஒரு சொல் மட்டும் வரும். அதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நாற்பதாவது தோல்வியன்று சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தேன். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு அமைதியாக இருந்ததால் யோசிக்க முடிந்தது.

மூன்று மாதம் யோசித்து ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்தேன். பதினான்காவது முறையில் யானையைச் சும்மா வெட்டக் கொடுத்துவிடுவது. பார்க்கிறவன் பைத்தியம் என்பான். ஆறே நகர்த்தலில் அவன் ராஜாவுக்குப் போக்கிடம் இருக்காது. உலகத்தில் யாரும் ஆடியிராத ஆட்டம். அதை ஒரே ஒருவருக்குத்தான் காட்டினேன். மாப்பிள்ளை பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதெல்லாம் எப்படி மச்சான் தோணுது உங்களுக்கு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தே நாளில் கறுப்புக் குதிரை அதே யானையை அதே இடத்தில் என்னிடமே கொடுத்தது. நாற்பத்தோராவது தோல்வி. 'நன்றி' என்று வந்தது.

நேற்று உங்கள் பெண் கான்ஸ்டபிள் அந்த ஆட்ட நிலையைத் தன் போனில் உள்ள செஸ் செயலியில் வைத்துக் காட்டினார். ஒரு நொடியில் அந்த நகர்த்தலைப் போன் சொல்லிவிட்டது. யாருடைய போனும் சொல்லுமாம். சார், நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு நொடியில் எப்படி வரும்? யாரோ முன்னாலேயே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு அரைமணி இருந்தது. காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"மாப்பிள்ளை, கறுப்புக் குதிரை நீங்கதானே?"

"எந்தக் குதிரை மச்சான்?"

"கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு என்னை ஆட்டிப் படைக்கிறது நீங்கதானே?"

சிரித்தார். "என்கிட்ட இருக்கறது பட்டன் போனு. அதுல பேசினாலே பாதி கேக்காது. நான் எங்க போய்க் குதிரை ஓட்டறது?"

ஒரு சாண் தூரத்தில் அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. ஒரு இமை அசையவில்லை. இவ்வளவு கைதேர்ந்த ஆளா இவர் என்று அப்போதுதான் புரிந்தது.

மேஜையில் ஆட்டத்துக்கு நேரம் பார்க்கிற பழைய மரக் கடிகாரம் இருந்தது. ஆளுக்கு ஒன்றாக இரண்டு முகம், உள்ளே பித்தளை, நல்ல கனம். அதை எடுத்து இடது பொட்டில் அடித்தேன். "மச்சான்" என்று கையைத் தூக்கினார். அடுத்தது அந்தக் கையில் விழுந்து மணிக்கட்டு மடங்கியது. நாற்காலியோடு சாய்ந்தார். மார்பில் முழங்காலை வைத்து மேலே அடித்தேன். தாடை போனது, பிறகு கண். முதல் அடியோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டாயிற்று சார். ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவர் பக்கத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது; அது நின்றபோது நானும் நிறுத்தினேன்.

சிதறிய காய்களைப் பொறுக்கி அடுக்கி வைத்தேன். ஒரு வெள்ளைக் குதிரையின் கழுத்தில் இருக்கும் சிவப்பு, பெயின்ட், பழசு. மற்றதெல்லாம் அன்றைக்கு உள்ளது. அவர் பையில் பட்டன் போன், சீப்பு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தகடு. நம்பர் பிளேட் மாதிரியே, மஞ்சளில் கறுப்பு எழுத்து. என் யானையின் நகர்த்தலை அழகாக எழுதி, கீழே 'மச்சான் கண்டுபிடிப்பு' என்று போட்டிருந்தார். பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த நகர்த்தலை அவர் மறக்கவே இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

பிறகு தங்கைக்குப் போன் செய்து, "ராத்திரிக்கு அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்காதம்மா" என்றேன். "ஏண்ணே, வெளியில சாப்பிடறாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். வீணாகக் கூடாது என்றுதான் சொன்னேன்.

இன்னொரு போனை அவர் எங்கே ஒளித்தார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஆட்களை ஒழுங்காகத் தேடச் சொல்லுங்கள். என் போன் அதோ உங்கள் மேஜையில் இருக்கிறது. சற்று முன் ஒரு முறை அதிர்ந்ததே, கவனித்தீர்களா? புது ஆட்டத்தில் கறுப்புக் குதிரை நகர்த்தியிருக்கிறது. மாப்பிள்ளையைப் புதைத்து ஒரு நாள் ஆகிறது, நகர்த்தல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. நான்தான் சொன்னேனே சார், அவ்வளவு கைதேர்ந்த ஆள் அவர் என்று.