டிரம் உள்ளே போகவில்லை

கால்பந்து மைதானத்தின் வடக்கு கேட் காவலாளி மீது கிளப் மேனேஜர் கொடுத்த புகார் தொடர்பாக, அந்தக் காவலாளியின் அக்கா நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது.

என்னை எல்லோரும் 'இடி' என்பார்கள். இன்ஸ்பெக்டர் அதையே எழுதச் சொன்னார். வயது ஐம்பத்திரண்டு. பஸ் கண்டக்டர் வேலை. டிப்போவுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மாடி வீடு. காவலாளி என் கூடப்பிறந்த தம்பி. தடை செய்த டிரம்மை அவன் திருட்டுத்தனமாக உள்ளே விட்டான், அதனால் ஆட்டம் தாமதமானது என்பது புகார். அது பொய். வேலையிலிருந்து அவனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வடக்கு ஸ்டாண்டில் டிரம் அடிப்பவள் நான்தான். சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் என் காசு. எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஒரு அடி அடிப்பேன், ஸ்டாண்டில் உள்ளவர்கள் இரும்புத் தகட்டுத் தரையை மூன்று முறை மிதிப்பார்கள், அதன் பிறகுதான் எங்கள் கேப்டன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருவார். இது யாரும் போட்ட சட்டம் இல்லை.

புதிய முதலாளி கிளப்பை வாங்கியதும், அடுத்த வருடம் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் போவதும் டிவி பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு மேனேஜரைப் போய்ப் பார்த்து, "எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். "டிக்கெட் வாங்குறவங்க தியேட்டரை எங்க கட்டணும்னு சொல்ல முடியுமாம்மா?" என்றார். எனக்கு சுர்ரென்று ஏறியது. இருந்தாலும் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு கடைசி ஆட்டத்தன்று டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். தம்பி கேட்டில் மறித்து, டிரம் கூடாது, ஸ்பீக்கரில் ரெக்கார்டு போடுவார்கள், மேலிடத்து உத்தரவு என்றான். "அக்கா, உன் கால்ல விழறேன், என் பொழப்புல மண்ணப் போட்டுடாதே" என்றான். "நீயெல்லாம் ஒரு தம்பியாடா" என்று நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு டிரம்மைக் கொடுத்தேன். அவன் அதைக் கேட்டை ஒட்டிய காவலாளி அறையில் வைத்துப் பூட்டினான். மறுநாள் போலீஸ் டிரம்மை எடுத்ததும் அந்த அறையிலிருந்துதான்.

அதன் பிறகு ஸ்பீக்கரில் அடி விழுந்தது. அது நான் அடித்த அடியேதான், எப்போது பதிவு செய்தார்களோ. ஒருவரும் மிதிக்கவில்லை. மறுபடி போட்டார்கள். அப்போதும் இல்லை. கேப்டன் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு ஸ்பீக்கரையும் நிறுத்தினார்கள். அத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு ஆடுகிற சத்தம் கேட்டது. 

அதன் பிறகு எங்கிருந்தோ ஒரு கால் தரையை மிதித்தது. என் கால் இல்லை. யார் கால் என்று சத்தியமாகத் தெரியாது. உடனே ஸ்டாண்டு முழுக்க மூன்று மிதி விழுந்தது. எதிர் ஸ்டாண்டு, விலை கூடின சீட்டு, எதிர்த்து ஆட வந்த டீமின் ஆட்கள் என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். செருப்பு வழியாக அது முழங்காலுக்கு ஏறியது. மேலே முதலாளியின் அறைக் கண்ணாடி நடுங்கியதையும், அவர் எழுந்து அதில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டதையும் பார்த்தேன்.  அம்மாடி, எவன்டா டிரம்மை உள்ளே கொண்டுவந்தான் என்று, இத்தனை வருடம் அடித்த நானே திரும்பிப் பார்த்தேன். நான் இல்லாமலே நடந்ததில் கொஞ்சம் வருத்தமும் உண்டு. நடுவரின் விசில் யாருக்கும் கேட்காததால் ஆட்டம் தாமதமானது. டிரம்மினால் அல்ல.

கிளப் போகிறது. அதை நிறுத்த எங்களுக்கு வழியில்லை. தம்பி வேலையாவது அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்ஸ்பெக்டர், "டிரம் இல்லாம அப்படி ஒரு சத்தமா? யாருக்கும்மா காது குத்துற?" என்றார். நான் அனுமதி கேட்டு எழுந்து, தரையை ஒரு முறை மிதித்தேன். தம்பியை உட்காரவைத்திருந்த பக்கத்து அறையிலிருந்து மூன்று மிதி கேட்டது. கூடவே வராந்தாவில் நின்ற காவலர்களின் பூட்ஸும் கேட்டது. இதை எழுதிக்கொண்டிருந்த ஏட்டும் பேனாவை வைத்துவிட்டு மிதித்தார். மேஜை மேலிருந்த தம்ளர் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்து நிறுத்தினார். அதன் பிறகு, அதையும் எழுதச் சொன்னார்.

படித்துக்காட்டக் கேட்டேன். நான் கண்டதும் சொன்னதும் இவ்வளவே, இதில் பொய் கலக்கவில்லை.

ஒப்பம்: இடி, வடக்கு ஸ்டாண்ட்.