தூலிக்கி வெஹ்மாஸ் கேட்ட பத்து நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் தூலிக்கியின் கணவர் பென்ட்டி அவர்களே, ஹெல்சின்கியிலிருந்து முதல் ரயிலில் வந்திருக்கும் சங்கக் கூட்டமைப்பின் செயலாளர் அவர்களே, இந்த விமானக் கொட்டகையில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகப் போட்ட நாற்காலிகளில், குளிருக்குக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் என் தோழர்களே, கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தின் மனிதவளத் தலைவர் ஸ்டென்லுன்ட் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஒஸ்மோ லட்டுனென். விமான மெக்கானிக். பத்து நாள் முன்பு வரை நம் தரைப்பணித் தொழிலாளர் சங்கத்தின் துணைப் பிரதிநிதியாக இருந்தேன். இந்தப் பத்து நாளாக முதன்மைப் பிரதிநிதியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலிக்கு உரியவர் தூலிக்கி வெஹ்மாஸ். அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. என்ன வயது அவருக்கு? ஐம்பத்தேழு. போன மாதம்தான் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டார். "காபியக் கொறைச்சுக்கோங்க" என்றாராம் டாக்டர். "வேற டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாராம் தூலிக்கி. இதைப் பென்ட்டி நேற்று எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இறந்தவரைப் புகழ்ந்து பேச வேண்டிய மேடை இது. புகழ்வேன். ஆனால் அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு, இதே கொட்டகையில், தூலிக்கியை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியவன் நான். உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டீர்கள். சிலர் கை தட்டினீர்கள்.

தூலிக்கி யார்? முப்பத்தொரு ஆண்டு பனி நீக்கும் வண்டியில் நின்றவர். விமானத்தின் இறக்கையில் படிந்த பனியை வெந்நீரும் மருந்தும் பீய்ச்சி உருக்குகிற வேலை. மைனஸ் இருபத்தைந்து டிகிரியில், தூக்குக்கூடையில், காற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு ஜனவரி மாதம். புறப்பட வேண்டிய விமானம் நாற்பது நிமிடம் தாமதம். கேப்டன் ரேடியோவில் கத்துகிறார், "போதும்மா, கெளம்பணும், எறங்கு." தூலிக்கி தன் வழக்கமான குரலில், கத்தாமல் சொன்னார், "எறக்கையில இன்னும் பனி இருக்கு கேப்டன். நான் எறக்கையப் பாக்குறேன். நீங்க கடிகாரத்தப் பாக்குறீங்க." முழு இறக்கையையும் மறுபடி கழுவிய பிறகுதான் கூடையை இறக்கினார். அந்த விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? நூற்று எண்பது பேர். அவர்களில் ஒருவருக்காவது தூலிக்கியின் பெயர் தெரியுமா?

பிறகு இந்த மார்ச் வந்தது. நோய் வந்தது. ஒரே வாரத்தில் வானம் காலியானது. ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு விமானம் இறங்கிய ஓடுபாதையில் ஒன்று இறங்கினால் அதிசயம் என்றானது. இருநூற்று முப்பது பேரில் பெரும்பாலோரை நிறுவனம் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியது. விடுப்பு என்ற சொல்லைக் கேட்டால் ஏரிக்கரைக் குடிலும் சவுனா நீராவிக் குளியலும்தான் நமக்கு நினைவு வரும். அந்தச் சொல்லைக் கேட்டுத் தூக்கம் தொலைத்தோமே, அது இந்த ஆண்டுதான்.

ஆகஸ்டில் நிறுவனத்தின் கடிதம் வந்தது. எழுபது பேரை நிரந்தரமாக வேலையிலிருந்து நீக்கப் போகிறோம், கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போவார்கள், உரிமம் பெற்ற மெக்கானிக்குகள் முப்பத்தெட்டுப் பேருக்கு முழு வேலை தொடரும் என்றது கடிதம். அதாவது எனக்கு ஒன்றும் ஆகாது. நான் அந்தக் கடிதத்தை நிம்மதியாகப் படித்தேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தூலிக்கி நம்மை இங்கே கூட்டினார். அவர் வைத்த திட்டம் நினைவிருக்கிறதா? யாரையும் நீக்கக் கூடாது. இருக்கிற வேலையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம். மூன்று வாரம் வேலை, ஐந்து வாரம் விடுப்பு. பழையவர், புதியவர், மெக்கானிக், துப்புரவாளர், எல்லோருக்கும் ஒரே முறை. நான் எழுந்தேன். என்ன சொன்னேன்?

"அடுத்தவன் தட்டுல இருந்து எடுத்து தர்மம் பண்றியே தூலிக்கி, உனக்கு வெக்கமா இல்ல? முப்பத்தஞ்சு வருஷம் ஒழைச்சது இதுக்குத்தானா? நேத்து வந்தவங்க ஓட்டு வேணும்னு எங்கள விக்கிற."

அவர் கோபப்படவில்லை. "ஒஸ்மோ, நீ பேசி முடிச்சிட்டியா, இல்ல மூச்சு வாங்குறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. நூற்று நான்கு பேர் அவர் பக்கம், தொண்ணூற்றொரு பேர் என் பக்கம். பதின்மூன்று வாக்கில் அவர் திட்டம் பிழைத்தது.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். தூலிக்கி சைக்கிளில் வந்தார். வணக்கம் கூடச் சொல்லவில்லை. கொட்டிலில் இருந்த இன்னொரு கோடாலியை எடுத்தார். ஒரு மணி நேரம் இருவரும் விறகு பிளந்தோம். பிறகு மரக்கட்டையில் உட்கார்ந்து சொன்னார்.

"தொண்ணூத்தொண்ணுல என்னைய வீட்டுக்கு அனுப்பினாங்க, ஞாபகம் இருக்கா? கடைசியா சேந்தவ நான்தான். பதினாலு மாசம்."

"இருக்கு."

"வேல இல்லாததுகூட அவ்வளவு வலிக்கல ஒஸ்மோ. பதினாலு மாசத்துல இங்கேருந்து ஒருத்தர் போன் பண்ணல. நீயும்தான். நான் செத்துட்டேனா இருக்கேனான்னு யாருக்கும் தெரியல. ஒருநாள் நானே ஆபீசுக்குப் போன் பண்ணி, நேரம் என்னன்னு கேட்டுட்டு வச்சேன். ஒரு குரலாவது கேக்கட்டுமேன்னு."

அவர் எழுந்து, "உன் வெறகு ஈரம். இந்தக் குளிர்காலத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. மார்ச் முதலே அவர் விடுப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருந்தார் அல்லவா? ஒரு நாளைக்குப் பத்துப் பேர். பட்டியல் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. உங்களில் அவர் போன் வராதவர் யாராவது இருக்கிறீர்களா? என்ன பேசினார்? பெரிதாக ஒன்றுமில்லை. "என்ன சாப்ட்டே? வெளிய போனியா? காளான் பறிக்கவாவது போ." விமானத்தின் உட்பகுதியைத் துப்புரவு செய்யும் ஃபர்ஹியா இங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர், வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுதான் ஆகிறது. அந்த எழுபதில் அவர் பெயரும் இருந்தது. அவரிடம் தூலிக்கி கேட்டாராம், "கடிதம் வந்ததுல உனக்கு ஏதாவது புரியலியா?" ஃபர்ஹியா சொன்னாராம், "எனக்கு ஃபின்னிஷ் நல்லாப் புரியும் தூலிக்கி. அந்தக் கடிதத்த எழுதினவருக்குத்தான் புரியல." தூலிக்கி இதை எங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பேச்சுவார்த்தையின் முதல் நாளிலேயே இதை ஸ்டென்லுன்ட் அவர்களிடமும் சொல்லிவிட்டார். கடிதத்தில் கையெழுத்திட்டவர் அவர்தானே, அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன்.

ஆறு வாரம் நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை. எழுபது அறுபதானது. அறுபது ஐம்பதானது. தூலிக்கி மேசையைத் தட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. நீக்கப்பட வேண்டியவர்கள் என்று அவர்கள் ஓர் எண் சொன்னால், இவர் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவர் என்ன வேலை செய்கிறார், அவர் போனால் அந்த வேலையை யார் செய்வார் என்று கேட்பார். அவர்கள் அடுத்த எண் சொல்வார்கள். இவர் அடுத்த பெயர் சொல்வார்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் வரமாட்டேன்.

காலை பதினொன்றே கால். ஸ்டென்லுன்ட் அவர்கள் சொன்னார், "நாற்பது. இதுதான் கடைசி. இயக்குநர்கள் இதுக்குக் கீழ வரமாட்டாங்க. இன்னிக்கே பதில் வேணும்." தூலிக்கி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பத்து நிமிஷம் குடுங்க" என்றார்.

இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தோம். ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். "நாற்பதுன்னு சொல்றார் ஒஸ்மோ. எனக்கு நாற்பதுன்னு யாரையும் தெரியாது" என்றார். நான், "ஒத்துக்குவமா?" என்று கேட்டேன். "மொதல்ல காபி வாங்கிட்டு வா. பால் வேண்டாம்" என்றார்.

காபி இயந்திரம் தாழ்வாரத்தின் மறுகோடியில். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிடம். நான் இரண்டு கோப்பையோடு திரும்பியபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி யோசிக்கிறார் என்று நினைத்தேன். காபியை நீட்டினேன். வாங்கவில்லை. "தூலிக்கி, பிடி" என்றேன். மறுபடி சொன்னேன். அவர் தோள் என் பக்கம் சாய்ந்தது.

தோழர்களே, நான் முப்பத்தைந்து ஆண்டு இயந்திரங்களோடு வாழ்ந்தவன். எது நின்றாலும் எப்படி ஓட வைப்பது என்று தெரிந்தவன். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையிலும் கோப்பையோடு நின்றேன். கதவு திறந்து ஓடி வந்தவர் யார் தெரியுமா? கடைசி வரிசையில் இருக்கிறாரே, அவர்தான். கோட்டைத் தூக்கி எறிந்தார். தூலிக்கியைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டு, நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ராணுவப் பயிற்சியில் கற்றது என்று பிறகு சொன்னார். வாய்விட்டு எண்ணினார். ஒன்று முதல் முப்பது வரை, மறுபடி ஒன்று. ஆம்புலன்ஸ் வர பதினாறு நிமிடம் ஆனது. பதினாறு நிமிடமும் அவர் நிறுத்தவில்லை. அவர்கள் வந்து தோளைத் தொட்டு, "போதும், நாங்க பாத்துக்குறோம்" என்று சொன்ன பிறகும் அவர் கை நிற்கவில்லை.

அவர்கள் தூலிக்கியைக் கொண்டுபோன பிறகு நாங்கள் இருவரும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆறு வாரம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், முதல்முறையாக ஒரே பக்கம். அவர் சட்டை நனைந்திருந்தது. "அவங்க என்ன சொல்லப் போனாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார். "எனக்கும்தான்" என்றேன்.

இந்தப் பத்து நாளாக எல்லோரும் என்னைக் கேட்கிறீர்கள். ஒத்துக்கொண்டிருப்பாரா? மறுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அது பொய். இறந்தவர் வாயில் வார்த்தையைத் திணிக்க நான் யார்?

ஆகவே அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வியை விட்டேன். நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். போன வெள்ளிக்கிழமை மெக்கானிக்குகளைக் கூட்டினேன். ஆகஸ்டில் என்னோடு சேர்ந்து தூலிக்கியின் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் அவர்கள். "நாம ஆளுக்கு இன்னும் ரெண்டு வாரம் கூடுதலா வீட்ல இருந்தா, மிச்சமாகுற நம்ம சம்பளத்துல முப்பத்தொரு பேர் வேல மிஞ்சும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். விருப்பம் இருக்கறவங்க கையத் தூக்குங்க" என்றேன். பின்னால் இருந்து ஒருவன், "நீதான்டா ஆகஸ்ட்ல எங்களக் கெளப்பி விட்ட" என்றான். "ஆமா" என்றேன். அவன் கையைத் தூக்கினான். பிறகு முப்பத்தெட்டுக் கையும் மேலே போயின.

மீதி ஒன்பது. அந்த ஒன்பதுக்குப் பதிலாக அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர் தாங்களாகவே விலகி ஓய்வு பெறுகிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. தியாகம் என்று யாரும் பேச வேண்டாம். என் முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

நேற்று பிற்பகல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த எழுபது பேரில் ஒருவரும் நீக்கப்படவில்லை. கடைசித் தாளில் பேனாவை வைத்தபோது ஸ்டென்லுன்ட் அவர்கள் வெகுநேரம் தயங்கினார். இயக்குநர்களிடம் அவர் என்ன சொல்லி இதை வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. எளிதாக இருந்திருக்காது. அவருக்கு நன்றி. வசந்தத்தில் மறுபடி பேச்சுவார்த்தை வரும். அப்போது அவரும் நம்மிடம் தயவை எதிர்பார்க்க மாட்டார், நாமும் கேட்க மாட்டோம்.

ஆனால் அந்த மேசையில் நான் இருக்க மாட்டேன். முதன்மைப் பிரதிநிதி தேர்தலுக்கு ஃபர்ஹியா தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். எதிர்த்துப் போட்டியிட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போட்டியிடலாம். தூலிக்கி போட்டியில்லாத தேர்தலை மதித்ததில்லை. விடுப்பில் இருப்பவர்களுக்குப் போன் செய்யும் வேலையை இருபத்து மூன்று பேர் ஏற்றிருக்கிறார்கள். ஆளுக்குப் பத்துப் பெயர். இனி இந்த நிலையத்தில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க ஒரு குரல் போகும். இது நான் கொடுக்கும் வாக்கு. வேலையை விட்ட பிறகும் என் பத்துப் பெயர் என்னுடையவைதான்.

பென்ட்டி அவர்களே, எங்கள் கூட்டங்களுக்காக அவர் உங்களோடு சாப்பிடாமல் விட்ட ஒவ்வொரு இரவு உணவுக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

இப்போது மௌன அஞ்சலி. அதற்கு முன் ஓர் அறிவிப்பு. மூன்று பத்துக்கு ஒரு விமானம் இறங்குகிறது. இன்று வருகிற ஒரே விமானம். அதில் வேலை பார்க்க வேண்டிய ஏழு பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மௌனத்தின் நடுவிலேயே எழுந்து, பணி உடுப்பைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெரிய கதவு வழியாக வெளியே போவார்கள். அதை அவமரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் போக ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தூலிக்கி வெஹ்மாஸ் அந்த அறையில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் எழுந்து நில்லுங்கள். அவர்களுக்கு வழி விடுங்கள்.