லாரிக்கார அண்ணன் வரலையாம் மிஸ்!

அட, இருங்க மிஸ், வயிறு புண்ணாகச் சிரிக்கற விஷயம் ஒண்ணு வச்சிருக்கேன். ஆனா இப்பச் சொல்லமாட்டேன். முதல்ல என் வயித்தெரிச்சலக் கேளுங்க.

லாரிக்கார அண்ணன் வரலையாம்! ஆமா மிஸ், அவரேதான். நம்ம ஸ்கூல் லைப்ரரி பாட்காஸ்டக் கேட்டுட்டு வாராவாரம் உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரே, அவருதான். நீங்க பேட்டி எடுக்கக் கேள்வியெல்லாம் எழுதி, மேஜையத் துடைச்சு, மைக்குக்குப் புது பஞ்சு மாட்டி உக்காந்திருக்கீங்க. மனுஷன் வரலையாம்!

அதுவும் இன்னிக்குப் பாத்து! ஹெச்.எம். என்ன சொன்னாரு? மூக்காலயே சொன்னாரே... "ங்ங்... டீச்சர்... பாட்காஸ்டாவது பல்பொடியாவது! கேக்கற ஆளு ஒருத்தரையாவது இன்னிக்குள்ள எங்கிட்டப் பேச வையுங்க. இல்லேன்னா இந்த ரூம்ல உடைஞ்ச நாற்காலியப் போட்டுடுவேன்... ங்ங்..." சிரிக்காதீங்க மிஸ்! நான் சொன்ன விஷயம் இது இல்ல, அது பின்னாடி வருது.

நாம என்ன சும்மாவா ஆரம்பிச்சோம்? பசங்களுக்குப் போட்டுக் காட்ட எத்தன பாட்காஸ்ட் தேடினீங்க! ஒருத்தரு தூக்கத்துலயே பேசறாரு... "குழந்...தைகளே... இன்...று நாம்..." இன்னொரு அம்மா, "செல்லங்களா, தங்கங்களா, பட்டுக்குட்டிகளா"ன்னு கொஞ்சிக்கிட்டே இருக்காங்க, கதை எங்கன்னா காணோம்! சரி, நாமளே செய்வோம்னீங்க. ஃபேன நிறுத்தி, மேஜைக்கடியில போர்வையப் போத்திக்கிட்டு, வேர்த்து ஊத்த ஊத்த ரெக்கார்ட் பண்ணோம். சரியாப் பேய் வர்ற இடத்துல வெளிய பி.டி. சார் விசிலு! "ஏய்ய்! லைன்ல நில்லு!" பேயே பயந்து லைன்ல நின்னிருக்கும் மிஸ்!

முதல் கதையப் போட்டுட்டு நீங்க போன எடுத்து எடுத்துப் பாத்தீங்க. யாருமே கேக்கல. அன்னிக்கு டிபன் பாக்ஸக்கூடத் திறக்கல நீங்க... சரி, அத விடுங்க. மறுநாளே அண்ணன் மெசேஜ் வந்துடுச்சுல்ல!

ம்? ஏன் வரலையா? வண்டி மேட்டுல நின்னுடுச்சாம். காலையில எனக்கு போன் பண்ணாரு. "பாப்பா... டீச்சரம்மாகிட்டச் சொல்லிரு... கியரு விழ மாட்டேங்குது... கதைய மட்டும் நிறுத்திராதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டேன்னு சொல்லு..." அப்படியே அச்சு அசல் அவர் குரல், இல்ல மிஸ்?

என்னது? என் நம்பர் அவருக்கு எப்படித் தெரியுமா? அது... நீங்க குடுத்திருப்பீங்க... குடுக்கலையா? அப்ப... அவரே எங்கயாவது...

மிஸ், ஏன் என் வாயையே பாக்கறீங்க?

அய்யோ, மிஸ், கண்ணத் தொடைங்க, ப்ளீஸ். சிரிப்பீங்கன்னு நெனச்சேன்... லாரிதான் மிஸ் இல்ல, கதை கேட்ட ஆளு நெசம். மேஜைக்கடியில உங்க பக்கத்துல உக்காந்து கேட்டதே போதாம, வீட்டுக்குப் போயும் கேட்டேன். பேய்க் கதைய மூணு தடவ. அடுத்த கதை வராமப் போயிடுமோன்னுதான் அண்ணன் குரல்ல மெசேஜ் அனுப்பினேன்...

ஹெச்.எம். செருப்புச் சத்தம்! மிஸ், மாட்டினோம்! எங்க தள்ளறீங்க? அலமாரிக்குப் பின்னாடியா? எதுக்கு? ...அண்ணன் போன்ல பேசற மாதிரியா? நீங்களா மிஸ் சொல்றீங்க?

பேசறேன், பேசறேன், தள்ளாதீங்க. இன்ஜின் சத்தமும் வேணுமா?