குழாயடியில் நின்ற குடம்

பிள்ளைகளே, இன்று டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். ஒருத்தியின் மடியில் அவள் மகள் படுத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து, பெரியாஸ்பத்திரியில் இன்றுதான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். வழியில் ஏறிய பக்கத்து வீட்டுக்காரி, காலி மீன் கூடையோடு அவள் அருகில் உட்கார்ந்தாள்.

"புள்ள எப்படி இருக்கா?"

"தேவலைக்கா. புண்ணு ஆறுத மட்டுக்கும் சுத்தமா வச்சிக்கிடணுமாம். வீட்டுல சொட்டுத் தண்ணி கெடையாது."

"சாயங்காலம் கார்ப்பரேஷன் தண்ணி வருதுல்லா."

"வந்து என்ன செய்ய? நான் கடைசியிலதான் நிக்கணும். எனக்கு வாரதுக்குள்ள நின்னுரும்."

"ஏளா, ஒனக்கு முன்னாலயே ஒன் கொடம் போயி வரிசையில அஞ்சாவதா நிக்கி."

தாய்க்காரி திரும்பிப் பார்த்தாள். "யாரு வச்சா?"

"நான்தான். ஒன் வாசல்ல சும்மா கெடந்துச்சி. என் கொடத்தோட அதையும் தூக்கிட்டுப் போயி வச்சேன்."

"போன மாசம் சண்டை போட்டதுல இருந்து நீங்க என்கிட்ட பேசுறதே இல்லையேக்கா."

"சண்டை ஒன்கூடத்தான். கொடத்துகூட எனக்கு என்ன சண்டை?"

மகள் சிரிக்கப் போய், தையல் வலித்து முகத்தைச் சுளித்தாள். "சிரிக்காதட்டீ" என்று இரண்டு பேருமே அதட்டினார்கள்.

நான் இறங்கி நேரே நம் தெருக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் இன்னும் வரவில்லை, ஆளும் இல்லை. கேட்க ஆள் இல்லையென்று காலையில் நான் வரிசையிலிருந்து தள்ளிவைத்த ஒரு பச்சைக் குடம் சுவரோரம் கிடந்தது. அதை எடுத்து நம் குடத்துக்கு முன்னால் வைத்தேன்.