வாடகைக்குப் போன கடை

இணையத்தில் கடை போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அதைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா, வாடகைக்கு எடுப்பதா என்பதைத்தான். யார் கேட்டாலும் நான் அவசரப்படாமல் இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்வேன்.

வாடகைக் கடை என்றால் மென்பொருள், கம்ப்யூட்டர், பாதுகாப்பு எல்லாம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் பொறுப்பு. மாதாமாதம் பணம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நாம் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு போகும். புதிதாக ஒரு வசதி கேட்டால் அதற்குத் தனியாக வாங்குவார்கள். ஒருநாள் அவர்கள் மூடிவிட்டுப் போனால் நம் வாடிக்கையாளரின் பெயர்கூட நம்மிடம் மிஞ்சாது. சொந்தக் கடைக்கு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாம் நம்முடையது. இரண்டிலும் வெளியே தெரியாத செலவு உண்டு. வாடகையில் அது சிறிய எழுத்தில் ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும். சொந்தத்தில் அது ஒரு மனிதனாக இருக்கும். எங்கள் கடையில் அந்த மனிதன் நான்.

நீங்கள் ஜெனரேட்டர் குழாயைப் பற்றித்தான் கேட்டீர்கள், சார். அதற்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

சூரியபிரகாஷும் நானும் சின்னமனூரில் ஒன்றாகப் படித்தவர்கள். மேகமலையில் அவன் குடும்பத்துக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் ஏலக்காயையும் மிளகையும் நேராக வீடுகளுக்கே அனுப்பலாம் என்று அவன் சொன்னபோது, அது எப்படி என்று கண்டுபிடித்தவன் நான். நான் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியின் பின்னால் ஒரு சின்ன அறையைச் சுத்தம் செய்து, அதில் கடையை ஓட்டும் சர்வரை வைத்தேன். காய் புடைக்கும் தூசி உள்ளே வராமல் ஜன்னலை அடைத்து, ஏசி போட்டேன். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். சிங்கப்பூரில் ஒரு பெண் அடுப்படியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், என் அறையில் ஒரு பச்சை விளக்கு துடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ நாள் சாப்பிட மறந்திருக்கிறேன்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. பேட்டரி தாங்கவில்லை. ஜெனரேட்டர் வாங்கி, அறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தோம். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், இரும்புப் பட்டைக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கியவன் நான். அந்தப் புகை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கயலுக்கும் சொல்லியிருந்தேன். கயல் உத்தமபாளையத்துப் பெண், டிப்ளமோ முடித்துவிட்டு ஆர்டர் பார்க்க வந்தவள். "கொழாய் ஆடுச்சுன்னா ஒடனே என்கிட்ட சொல்லணும். அதுல வர்ற வெசக்காத்து வாசனையே தெரியாது. உக்காந்த எடத்துலயே தூக்கிரும்" என்றேன். அவளுக்கு வேலை முழுவதையும் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் மூன்று வருடம் போகவில்லை. பெண் பார்க்கப் பெரியகுளம் போன அன்று சர்வர் நின்றுவிட்டது. பாதியில் எழுந்து வந்தேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. சொந்தம் என்றால் அப்படித்தான்.

ஒருநாள் சிங்கப்பூரில் வாடிக்கையாக வாங்கும் ஒரு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "புதுக்கடை ரொம்ப அழகா இருக்கு தம்பி" என்றார். எந்தப் புதுக்கடை என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எங்கள் பெயரில், நான் எடுத்த படங்களோடு, வேறொரு கம்பெனியின் வாடகை இடத்தில் ஒரு கடை திறந்திருந்தது. வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் அங்கே போயிருந்தன. நான் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, நான் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, கயல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

சூரியபிரகாஷ் மறைக்கவில்லை. கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

"மாப்ள, தீவாளி ஆர்டர் நேரத்துல கடை படுத்துருச்சு. ஞாபகம் இருக்கா? வயக்காட்டுக்குக் காவ கெடக்கவன் மாதிரி நீ அதுக்குக் காவ கெடக்க. எத்தன வருசத்துக்குக் கெடப்ப?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ விட மாட்டேல்ல. அதான் முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். ஒன்னைய விட்டுட்டு எங்கயும் போகல மாப்ள. பங்கு பங்குதான். நீ ஊரப் பாரு, ஒரு பொண்ணப் பாரு. கடைய அந்தக் கம்பெனிக்காரன் பாத்துக்கிருவான்."

அவன் என் தோளில் கை வைத்தான். அந்தக் கை கனமாக இருந்தது. கயல் தலை குனிந்து நின்றாள். "அண்ணே, ஒங்களுக்காகத்தாண்ணே" என்றாள். நான் சரி என்றேன். அவர்கள் இருவருக்கும் முகம் தெளிந்தது. அன்று மூவரும் சேர்ந்து பரோட்டா சாப்பிட்டோம். என்னை எவ்வளவு சுலபமாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சாப்பிடும்போதுதான் முழுவதும் புரிந்தது. அவர்களுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. நல்லது செய்தவர்களைப் போலச் சாப்பிட்டார்கள்.

மாசி மாதம் அந்த சர்வரை நிறுத்த நாள் குறித்தார்கள். பழைய ஆர்டர்களைக் கடைசியாக ஒருமுறை எடுத்துக்கொண்டு அணைத்துவிடலாம் என்றான் சூரியபிரகாஷ். "நீ அங்கன இருக்காத மாப்ள. பாத்தா மனசு கஷ்டமாப் போகும். தேனிக்குப் போயி அட்டைப்பெட்டி பாத்துட்டு வா" என்றான். மதியம் மின்வெட்டு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டரைப் போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும்.

காலையில் நான் கொட்டகைக்குப் போய் கிளாம்பைக் கழற்றினேன். குழாய் சாய்ந்து, அறையின் வெண்டிலேட்டர் துவாரத்தை ஒட்டி நின்றது. கிளாம்பைப் பழைய துணியில் சுற்றி அறை ஜன்னலின் சன்ஷேடு மேல் வைத்தேன். தலைவலி வந்தால் சூரியபிரகாஷ் வேலையை விட்டுவிட்டு வெளியே வருவான், சர்வருக்கு இன்னும் ஒருநாள் கிடைக்கும் என்று நினைத்ததாக உங்கள் ஏட்டய்யாவிடம் முதலில் சொன்னேன். அது உண்மையில்லை. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தலைவலியோடு அது நிற்காது என்று எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரை போனவன் திரும்பி வந்தேன். எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிட்டங்கியில் ஆள் இல்லை. காய் புடைக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. அவன் மட்டும்தான் இருப்பான் என்று நினைத்திருந்தேன். கயலின் செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைக் குனிந்து நிமிர்த்தி வைத்தேன்.

உள்ளே அவள் குரல் கேட்டது. "அண்ணே, தலைய வலிக்குது. ஒங்களுக்கும் வலிக்குதா?"

"வெயிலு. இது முடியட்டும், டீ சொல்லுவோம்" என்றான் அவன்.

கதவுக்கும் எனக்கும் நடுவில் இரண்டடி தூரம் இருந்திருக்கும். தட்டியிருக்கலாம். ஜெனரேட்டரை அணைத்திருக்கலாம். ஆனால் அணைத்தால் கடை நின்றுவிடும். அதோடு, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டிருந்தது.

தேனியில் அட்டைப்பெட்டிக்கு இரண்டு கடையில் விலை விசாரித்தேன். ஒரு கடையில் கம்ப்யூட்டர் இருந்தது. கேட்டுவிட்டு எங்கள் பழைய கடையைத் திறந்து பார்த்தேன். திறந்தது. ஏலக்காய்ப் படம் தெளிவாக வந்தது. அன்று மதியம் முழுக்கக் கடை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, சார். எந்த வாடகைக் கம்பெனியும் அப்படி ஓட்டியிருக்க முடியாது.

திரும்பி வந்து கதவைத் திறந்தவன் நான்தான். கயலைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு மூச்சு இருந்தது. சூரியபிரகாஷ் மேசையில் தலை சாய்த்திருந்தான், களைத்துத் தூங்குகிறவன் போல. நான் அழுததைத் தெருவே பார்த்தது. அது நடிப்பு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருந்தவன் அவன்.

கிளாம்ப் அதிர்ந்து கழன்று விழுந்திருக்கும் என்றார்கள். யாரும் அதைத் தேடவில்லை. அவன் மனைவி உமாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வரலேன்னா அந்தப் புள்ளையும் போயிருக்கும்ணே. அவுக கட்டுன கடைய நீங்கதான் பாக்கணும்" என்றார். நான் பார்த்தேன். வாடகைக் கடையை மூடிவிட்டு எல்லோரையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஜெனரேட்டரைத் தள்ளித் திறந்த வெளியில் வைத்தேன். ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு உமாதேவியும் ஒருநாள் வந்து, "வாடகைக்கே மாத்திருவோம்ணே, அந்த ரூமைப் பாக்கவே முடியல" என்றார். கடை மறுபடியும் வாடகைக்குப் போனது. அறையை இடித்தபோது கொத்தனார் கையில் அந்தத் துணி மூட்டை கிடைத்தது. அவர் அதை உமாதேவியிடம் கொடுத்தார். உமாதேவி உங்களிடம் கொண்டுவந்தார். அது எந்தக் கிளாம்ப் என்று கேட்டீர்கள். அதுதான். கழற்றியவன் நான். உள்ளே இரண்டு பேர் இருப்பது தெரிந்தேதான் போனேன்.

இன்னும் ஒன்று. என்னை உள்ளே வைத்துவிட்டால் உத்தமபாளையத்துக்கு யாராவது தகவல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் நான் கயலைப் பார்க்கப் போவேன். அவளுக்குப் பேச்சு திரும்பவில்லை. கையில் கொடுப்பதைப் பிடிக்கத் தெரியாது. அவள் அம்மா மொக்கம்மாள்தான் சோறு ஊட்டுகிறார். நான் போனால் வாயைத் துடைத்துவிட்டு, "ஆத்தா, யாரு வந்துருக்காக பாரு. ஒன்னையத் தூக்கியாந்த அண்ணன்" என்பார். கயல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் சிரிக்கிறாள் என்று மொக்கம்மாள் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சார். எனக்குச் செய்தது தப்பு என்று அவள் உணர்ந்துவிட்டாள். நானும் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன்.